தொலைந்த கோவையும் ஓய்வூதியமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அடுத்த வருடம் எனக்கு 60 வயது. ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு ஆயத்தப்படுத்துவோம் என்று கந்தோரில் என் சுயவிபரக் கோவையைக் கேட்டேன். எடுத்துத் தந்தது மெலிந்த ஒரு பைல். 2010இற்கு முந்திய தாள் ஒன்றுகூட அதில் இல்லை. எப்படி இருக்கும்? 2008இல் போரால் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அலுமாரிகளை அப்படியே விட்டுவிட்டுத்தானே வந்தோம்.

என்னிடம் எஞ்சியது நியமனக் கடிதம் மட்டும். இடம்பெயர்ந்த இடமெல்லாம் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுதிரிந்தேன். மடிப்பு கிழிந்துவிட்டது, திகதி மட்டும் தெரிகிறது. நிரந்தரமாக்கல் கடிதமும் சம்பள ஏற்றக் கடிதங்களும் போய்விட்டன. முன்பு வேலை செய்த கந்தோர்களுக்கு மூன்று முறை அலைந்தும் "அந்தக் காலத்துப் பதிவு இல்லை" என்பதே பதில். போதாக்குறைக்கு அடையாள அட்டையில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை; அதற்குச் சத்தியக் கடதாசி வேறு முடிக்க வேண்டும்.

வன்னியில் இது என் ஒருவன் கதையல்ல. 55 வயதிலேயே ஒவ்வொருவரின் கோவையையும் பார்த்து, குறையை எழுத்தில் அறிவித்தால் என்ன? கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள ஓய்வூதியத் திணைக்களம் வருடத்துக்கு ஒருமுறையாவது வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் நடமாடும் சேவை வைத்து, போரில் அழிந்த ஆவணங்களுக்குப் பதிலாக எதை ஏற்பார்கள் என்று நேரே சொல்லலாம். இளம் ஊழியர்களே, நீங்கள் இன்றைக்கே எல்லாவற்றையும் போட்டோக் கொப்பி எடுத்து வீட்டில் வையுங்கள்.

ஓய்வை எதிர்பார்க்கும் அரச ஊழியர்,
கிளிநொச்சி.