பத்தொன்பதாம் நாளில் இருக்கும் நண்பனுக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பி90எக்ஸ் என்ற 90 நாள் வீட்டு உடற்பயிற்சி வீடியோத் திட்டத்தைத் தொடங்கி 19 நாள் ஆகிறது, எடை 900 கிராம் கூடியிருக்கிறது, முழங்கால் வலிக்கிறது, அதனால் அடுத்த வாரம் முதல் காலை மாலை இரண்டு வேளையும் செய்யப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மூன்று செய்திகளிலும் பிழையில்லை. அவற்றிலிருந்து நீ எடுத்த முடிவுதான் தலைகீழாக இருக்கிறது.

இதை நீ படிக்கும்போது நான்காம் வாரம் தொடங்கியிருக்கும். அட்டவணையை இன்னொரு முறை எடுத்துப் பார். நான்காவது, எட்டாவது, பதின்மூன்றாவது வாரங்களில் டம்பெல், கம்பியில் தொங்கி உடலைத் தூக்கும் புல்-அப்ஸ் நாட்கள் கிடையாது. யோகா, கோர் சினர்ஜிஸ்டிக்ஸ் (வயிறு, இடுப்பு வலுவுக்கான பயிற்சி), கென்போ (கராத்தே பாணிக் குத்தும் உதையும்), ஸ்ட்ரெச்சிங் மட்டுமே இருக்கும். 2005-இல் பயிற்சியாளர் டோனி ஹார்ட்டன் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது ஆறுதலுக்காகச் சேர்த்த வாரம் அல்ல இது. மூன்று வாரம் தசையை வருத்திய பிறகு அது பலமாகக் கட்டப்படுவது இந்த ஏழு நாளில்தான். தசை சீக்கிரம் பழகிவிடும். தசைநாணுக்கும் மூட்டுக்கும் அதைவிட அதிக நாள் வேண்டும். "இப்போதுதான் பிடி கிடைத்திருக்கிறது, விடக்கூடாது" என்று இந்த வாரத்தைத் தாண்டிக் குதிப்பவர்கள் ஆறாம் வாரத்தில் தோள் வலியோடு நிற்பார்கள். நீ சொல்லும் இரண்டு வேளை முறை, டபுள்ஸ் என்று, அதே திட்டத்திலேயே இருக்கிறது. அதில்கூட முதல் மாதம் ஒரு வேளைதான். கூடுதல் கார்டியோ ஐந்தாம் வாரத்திலிருந்துதான் வருகிறது.

எடை விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகக் கடும் பயிற்சி தொடங்கினால் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும். அதைச் சரிசெய்ய உடல் அங்கே நீரைத் தேக்கும். தசை தன் சர்க்கரை இருப்பான கிளைகோஜனையும் கூடுதலாகச் சேமிக்கத் தொடங்கும்; ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் நீர் சேர்ந்தே தங்கும். மூன்று வாரத்தில் 900 கிராம் ஏறியதற்கு இது தாராளமாகப் போதும். அதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியின் உப்பு வேறு இருக்கிறது. எடை மெஷினைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. காலையில் கழிவறை போய்வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், அதே இடத்தில் வைத்த மெஷினில் தினமும் நின்று பார்த்து எழுது. அன்றன்றைய எண்ணைப் பார்த்துக் கலங்காதே. ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடு. மெஷினைப் பாயின் மேல் வைக்காதே, தரையில் வை.

இடுப்பளவு இதைவிட நேர்மையானது. தொப்புள் மட்டத்தில், இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக்கூடாது. வாரம் ஒருமுறை போதும். பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும். ஒரு ஸ்கேலோடு ஒட்டிப் பார்த்து, பொய் சொன்னால் புது ஃபைபர் டேப் வாங்கிவிடு. படம் எடுப்பதாக இருந்தால் அதே சுவர், அதே வெளிச்சம், அதே தூரம். தரையில் செல்லோ டேப் ஒட்டிக் குறித்துவை. ஒருநாள் காலை வெயிலிலும் மறுமுறை டியூப்லைட்டிலும் எடுத்த படங்களை ஒப்பிடுவதில் பயனில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் எவன் வயிறும் கட்டாகத்தான் தெரியும்.

ஆனால் இந்தப் பயிற்சியில் உண்மையான கணக்கு இருக்கும் இடம் எண்ணிக்கை நோட்டுதான். நீ "செய்தேன்" என்று டிக் மட்டும் போட்டு வருகிறாய் என்று தெரிகிறது. அதில் ஒன்றும் தெரியாது. மார்பு-முதுகுப் பயிற்சியைக் கவனி: 12 பயிற்சிகள், இரண்டு சுற்று. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு ஜோடியும் இடம் மாறி வரும். முதல் சுற்றில் தண்டாலுக்குப் பின் புல்-அப்ஸ் என்றால், இரண்டாம் சுற்றில் புல்-அப்ஸ் முந்திக்கொள்ளும். ஆகவே முதல் சுற்று எண்ணை இரண்டாம் சுற்றோடு ஒப்பிட்டு வருந்தக்கூடாது. போன வார முதல் சுற்றை இந்த வார முதல் சுற்றோடு மட்டும் ஒப்பிடு. முதல் சுற்றுக்கு மு, இரண்டாம் சுற்றுக்கு இ என்று வைத்து நோட்டில் இப்படி இருக்கட்டும்: "தண்டால் மு 16, இ 9, கடைசி 2 முட்டி ஊன்றி." 16 அப்படியே நின்று 9 மட்டும் 12 ஆனால் அதுவும் முன்னேற்றம்தான், களைப்பைத் தாங்கும் திறன் ஏறியிருக்கிறது. இடுப்பு தொங்கிய பிறகு போட்ட தண்டாலை எண்ணாதே. வடிவம் கெட்ட இடத்தில் கோடு போட்டுவிடு.

ஐந்து முதல் ஏழாம் வாரம் வரை மார்புப் பயிற்சியே வேறு. அங்கே போய்ப் பழைய எண்ணைத் தேடினால் குழம்பிப்போவாய். மூன்றாம் வாரத்து எண்ணை ஒன்பதாம் வாரத்தில்தான் நேருக்கு நேர் பார்க்க முடியும். அந்தப் பக்கத்தில் இப்போதே ஒரு காகிதம் செருகிவை.

இன்னும் மூன்று எண்களைச் சேர்த்துக்கொள். ஒன்று, படுக்கையிலிருந்து எழும் முன் ஒரு முழு நிமிடம் எண்ணிய நாடித்துடிப்பு. உன் வழக்கம் 66 என்று வைத்துக்கொள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 74, 75 என்று வந்தால் தூக்கம் போதவில்லை, அல்லது காய்ச்சல் வரப்போகிறது, அல்லது சுமை கூடிவிட்டது. அன்றைக்குப் பாதி போதும். இரண்டு, தூங்கிய மணிநேரம். மூன்று, மூச்சு வாங்க வீடியோவை எத்தனை முறை இடையில் நிறுத்தினாய் (பாஸ்) என்பது. பிளையோமெட்ரிக்ஸ் எனும் குதிப்புப் பயிற்சி நாளுக்கு எடையும் இல்லை, எண்ணிக்கையும் சரியாக நிற்காது. அங்கே இந்த பாஸ் கணக்குதான் அளவுகோல். முதல் வாரம் 14, மூன்றாம் வாரம் 6 என்றால் வேறு சான்று எதற்கு?

டம்பெல் எடையை எப்போது கூட்டுவது என்று கேட்டிருந்தாய். சதை ஏற வேண்டுமென்றால் 8 முதல் 10 முறையில் தளர வேண்டும். மெலிந்து இறுகினால் போதுமென்றால் 12 முதல் 15. நிறுத்தும்போது இன்னும் மூன்று செய்யத் தெம்பு மிச்சம் இருந்தால் எடை போதாது. ஆனால் 10 கிலோவிலிருந்து 11 போவது பத்து சதவீதம், 5-லிருந்து 6 போவது இருபது சதவீதம். பக்கவாட்டில் கை தூக்கும் பயிற்சியில் இந்த ஒரு கிலோ தோளை முறுக்கிவிடும். கால் கிலோ பிளேட் இரண்டு ஜோடி வாங்கு, அல்லது பழைய எடையிலேயே 15 வரை ஏறிவிட்டுப் பிறகு கூட்டு. மரை திருகும் டம்பெல் என்றால், மணிக்கட்டைச் சுழற்றியபடி கையை மடக்கித் தூக்கும் கர்ல்களில் நட்டு தானாகக் கழலும். ஒவ்வொரு செட்டுக்கும் முன் இறுக்கு. கால் விரலில் பிளேட் விழுந்தால் 90 நாள் 150 நாளாகும். பயிற்சிகளை மாற்றி மாற்றிச் செய்து தசையைக் குழப்புவதால்தான் பலன் என்று இந்தத் திட்டக்காரர்கள் விளம்பரம் செய்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. போன வாரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் என்ற பழைய குஸ்திப் பள்ளிக் கணக்குதான் வேலை செய்கிறது. மாற்றம் சலிப்பைத் தடுக்கிறது, அவ்வளவே.

முழங்கால் வலி எங்கே என்று நீ எழுதவில்லை. முன்பக்கச் சில்லைச் சுற்றி, மாடிப்படி இறங்கும்போது மந்தமாக வலித்தால் பெரும்பாலும் குதித்து இறங்கும் விதம்தான் காரணம். முன்பாதம் முதலில், பிறகு குதிகால், முழங்கால் மடங்கியபடி, இரண்டு முட்டியும் உள்ளே சாயாமல் பாத நேரில் நிற்க வேண்டும். "தொம்" என்று சத்தம் வந்தால் தவறு. நீ மாடியில் இருப்பதால் கீழ்வீட்டுக்காரரே நல்ல நடுவர். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு குதிக்காதே. யோகா மேட் குதிக்க உதவாது. மெத்தென்று அமுங்கிக் கணுக்காலைப் பிசகவைக்கும். கெட்டியான ரப்பர் மேட்டும் ஷூவும் வேண்டும். இரண்டு வாரத்துக்குக் குதிப்பதற்குப் பதில் அதே வேகத்தில் உட்கார்ந்து எழுந்து குதிகாலை உயர்த்து. வீங்கினாலோ, மூட்டு பூட்டிக்கொண்டாலோ, நழுவுவதுபோல் இருந்தாலோ எலும்பு மருத்துவரைப் பார். அதற்குப் பாட்டி வைத்தியம் வேண்டாம்.

சாதாரணத் தசைவலி 24 முதல் 72 மணிக்குள் உச்சத்துக்குப் போய் அடங்கிவிடும். அடுத்த வாரம் அதே பயிற்சிக்குப் பாதிகூட வலிக்காது. ஆனால் கை கால் வீங்கி, வலு போய், சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போ. தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. நெடுநாள் சும்மா இருந்தவர்கள் ஒரே நாளில் அளவு மீறும்போது வரும். நாற்பதைத் தாண்டியவன் நீ. ரத்த அழுத்தம் பார்க்காமல் தொடங்கியிருந்தால் இந்த லேசான வாரத்திலேயே பார்த்துவிடு. நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால் அங்கேயே நிறுத்து.

புல்-அப்ஸ் கம்பியை நிலையில் மாட்டினால் நிற்கவில்லை என்கிறாயே, அது உன் குற்றமில்லை. அந்தக் கொக்கி வகைக் கம்பி, நிலைச் சட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் மரவிளிம்பில் உட்காரும்படி செய்தது. நம் வீடுகளில் பூச்சும் நிலையும் ஒரே மட்டத்தில் இருக்கும். பிடிக்க இடமே கிடையாது. முறுக்கி இறுக்கும் வகை வழுக்கும். கம்பி முனைகள் உட்காரும் பக்கவாட்டுக் கிண்ணங்களை மர ஸ்குரூ போட்டு நிலையில் பொருத்தினால்தான் நம்பலாம். நல்ல வழி, சுவரில் பொருத்தும் கம்பி வாங்கி கான்கிரீட் பீமில் ஆங்கர் போல்ட் போடுவது. வெறும் செங்கல் சுவரில், அதுவும் பூச்சு தடிமனாக இருந்தால், போல்ட் மெல்ல வெளியே வரும். போல்ட் போட்டதும் முதலில் பாதி எடையைக் கொடுத்துத் தொங்கிப் பார்.

தொடங்கும் முன் அவர்கள் வைக்கும் தகுதித் தேர்வில் ஆண்களுக்கு 3 புல்-அப்ஸ், 15 தண்டால், சுவரில் சாய்ந்து ஒரு நிமிட உட்காரல் எல்லாம் இருந்தன. உனக்கு ஒரு புல்-அப்ஸும் வரவில்லை என்றால் பரவாயில்லை. நாற்காலியில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் வைத்து, 5 விநாடி எடுத்து இறங்கு. மூன்று முதல் ஐந்து முறை. அல்லது ஒரு காலை நாற்காலியில் ஊன்றிச் செய். நோட்டில் "நாற்காலியோடு 8" என்று எழுது. இரண்டு கால் ஒரு கால் ஆவதும், முழுப்பாதம் விரல்நுனி ஆவதும் எண்ணிக்கையில் தெரியாத முன்னேற்றம், எழுதினால்தான் தெரியும்.

சாப்பாட்டில், அவர்கள் புத்தகம் முதல் மாதம் கலோரியில் 50 சதவீதம் புரதம் என்கிறது. நம் சமையலில் அது நடக்காது, தேவையும் இல்லை. உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் போதும். 70 கிலோவுக்கு 112 கிராம். ஒரு முட்டை 6 கிராம். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9. கோழி நெஞ்சுக்கறி வெந்தது 100 கிராமில் 30. மீல்மேக்கர் காய்ந்த நிலையில் 50 கிராம் எடுத்தால் 26. இட்லியை நம்பினால் ஒன்றுக்கு 2 கிராம்தான் வரும், ஐம்பத்தாறு இட்லி தின்ன வேண்டியிருக்கும். மதுரை வெயிலில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார். ஒரு கிலோ இறங்கியிருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. உப்பு போட்ட நீர்மோராக அதைத் திருப்பிக் கொடு.

நாள் தவறினால் மறுநாள் இரண்டையும் சேர்த்துச் செய்யாதே. அட்டவணையை ஒரு நாள் தள்ளிவை. 90 நாள் 97 ஆனால் யாரும் அபராதம் போடப்போவதில்லை. காய்ச்சலில் ஒரு வாரம் போனால் அந்த வாரத்தின் முதல் நாளிலிருந்து, எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அந்தக் கட்டத்தையே, அதாவது அந்த மாதத்தையே, மறுபடி தொடங்கு. நேரம் இல்லாத நாளில் வார்ம்-அப்பும் முதல் சுற்றும் மட்டும் செய்து, நோட்டில் "மு மட்டும்" என்று எழுது. யோகா நாள் ஒன்றரை மணி நேரம். எல்லோரும் முதலில் கைகழுவுவது அதைத்தான். முன்பாதியை மட்டும் செய்தாலும் செய், அடியோடு விடாதே.

இன்னொன்று. பிளையோ வீடியோவின் கடைசியில் கூடைப்பந்தை வளையத்தில் போடுவதுபோல் கை தூக்கி எகிறும் பகுதி வரும். நீ ஃபேனுக்கு அடியில்தான் செய்கிறாய் என்று உன் படத்தைப் பார்த்தால் தெரிகிறது. கை உயர்த்தி நின்று, அதற்கு மேல் இரண்டடி இடைவெளி இருக்கிறதா என்று இன்றைக்கே அளந்துவிடு. இல்லாவிட்டால் மேட்டைச் சுவரோரம் நகர்த்தி, ஸ்டாண்டு ஃபேன் வைத்துக்கொள். அளந்ததையும், வலி முழங்காலில் எந்த இடத்தில் என்பதையும், மூன்றாம் வாரத் தண்டால் எண்கள் இரண்டையும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
முரளி