சட்டமன்ற உறுப்பினருடனான சந்திப்பு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளி அமைந்துள்ள தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம் பள்ளி மண்டபத்தில் பெற்றோர்களைச் சந்திக்க இசைந்திருக்கிறார். பள்ளி மேலாண்மைக் குழு கேட்டுக்கொண்டதன் பேரில் நடைபெறும் இச்சந்திப்பு கட்சிக் கூட்டமும் அன்று, பாராட்டு விழாவும் அன்று. கடந்த கல்வியாண்டில் அவர் நம் பள்ளிக்கும் சுற்றுப்புறத்துக்கும் செய்தவை எவை, இன்னும் முடியாமல் நிற்பவை எவை, அவரிடம் கேட்கத் தக்கவை எவை என்பவற்றை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வந்தால்தான் அந்த நேரம் வீண்போகாது. அதனால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் கண்ணுக்குத் தெரியும் பணிகளைச் சொல்லிவிடுகிறேன். பெண் குழந்தைகளின் கழிப்பறை புதிதாகக் கட்டப்பட்டு, தீபாவளி விடுமுறைக்குப் பின் திறக்கப்பட்டது. பழைய கழிப்பறையின் நிலை காரணமாக, ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவியர் பலர் பள்ளிக்கு வந்ததிலிருந்து வீடு திரும்பும் வரை தண்ணீர் குடிக்காமலே இருந்ததை வகுப்பாசிரியைகள் பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். புதிய கட்டடத்தின் வரைபடம் வந்தபோது, தாழ்ப்பாள் பெரியவர்களின் உயரத்துக்கு வைக்கப்பட்டிருப்பதை மேலாண்மைக் குழுவின் தாய்மார்கள் சுட்டிக்காட்டினார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அது எட்டாது. கதவைப் பிடித்துக்கொள்ள ஒரு தோழியை வெளியே நிறுத்த வேண்டியிருக்கும். உறுப்பினர் அதைக் கேட்டதும் ஒப்பந்ததாரரை அழைத்துச் சொன்னார். இப்போது கதவுகளில் தாழ்ப்பாள் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இருக்கிறது. மாற்றம் சிறியதுதான். ஆனால் இதைக் கவனிக்கத் தாய்மார்களால்தான் முடிந்தது. கட்டுபவர்களுக்கு அது தோன்றவில்லை.

இப்பணி நடந்த விதத்தை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ‘ஆம்தார் நிதி’ என்று நாம் எல்லோரும் சொல்லும் சட்டமன்ற உறுப்பினரின் உள்ளூர் வளர்ச்சி நிதி, மகாராஷ்டிரத்தில் 2022ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் ஆண்டுக்கு 5 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தப் பணம் அவருடைய கைக்கு வருவதில்லை. இன்ன இடத்தில் இன்ன பணி தேவை என்று அவர் எழுத்து மூலம் பரிந்துரைக்கிறார். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அதைப் பரிசீலித்து ஒப்புதல் தருகிறது. மாநகராட்சியோ பொதுப்பணித் துறையோ மாநில அரசின் வீட்டுவசதி அமைப்பான ம்ஹாடாவின் குடிசைப்பகுதி மேம்பாட்டு வாரியமோ டெண்டர் விட்டுப் பணியைச் செய்து முடிக்கிறது. சந்து முனையிலும் சமுதாயக் கூடத்திலும் உறுப்பினரின் பெயரைப் பெரிதாக எழுதிப் பலகை வைத்திருந்தாலும், அங்கே செலவானது நம் எல்லோருடைய வரிப்பணம். ஆகவே அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்; பணி சரியாக நடக்கிறதா என்று நின்று பார்ப்பதிலும் கூச்சம் வேண்டாம்.

பள்ளி வாசலிலிருந்து பெரிய சாலை வரையிலான சந்தில் பேவர் பிளாக் பதிக்கப்பட்டதும் இதே நிதியில்தான். அப்பணியில் எனக்கு முழு மனநிறைவு இல்லை என்பதை அவரிடமே தெரிவித்திருக்கிறேன். சந்தின் நடுப்பகுதியில் முதல் மழையிலேயே கற்கள் பெயர்ந்துவிட்டன. அடியில் செல்லும் சாக்கடை அடைத்துக்கொண்டு மேலே வழிவதே அதற்குக் காரணம். சாக்கடையைச் சரிசெய்யாமல் கல்லை மட்டும் மீண்டும் பதித்தால் அடுத்த மழைக்காலத்திலும் இதே கதைதான். சாக்கடை மாநகராட்சியின் பொறுப்பு என்பதால், வார்டு ஆபீசுக்கும் உறுப்பினருக்கும் ஒரே கடிதத்தின் இரு நகல்களை அனுப்பியுள்ளோம். அச்சந்தில் குடியிருக்கும் பெற்றோர்களும் தனித்தனியே எழுதினால் வலு கூடும்.

இனி, இந்த ஆண்டு அவர் செய்தவற்றுள் நான் பெரிதாக மதிக்கும் பணிக்கு வருகிறேன். அது எந்தப் பலகையிலும் இடம்பெறாது.

சாதிச் சான்றிதழுக்காக நம்மில் எத்தனை குடும்பங்கள் அலைந்திருக்கின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் அச்சான்றிதழைப் பெற, பட்டியலினத்தவர் 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பும், இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் 1967 அக்டோபர் 13ஆம் தேதிக்கு முன்பும் தம் குடும்பம் இம்மாநிலத்தில் வசித்து வந்ததை ஆவணத்தால் காட்ட வேண்டும். அந்தச் சாதி இம்மாநிலப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்க வேண்டும். அத்தேதிகளுக்குப் பின் வந்த குடும்பங்களுக்கு, தந்தைக்குத் தமிழ்நாட்டில் அளிக்கப்பட்ட சான்றிதழின் அடிப்படையில் இங்கே வழங்கப்படுவது வேறு வகைச் சான்றிதழ். இம்மாநில அரசின் இட ஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து மூன்று நான்கு தலைமுறைகளாக மும்பையில் வாழும் குடும்பங்களிடம் இருப்பது பெரும்பாலும் வாய்வழிச் செய்திதான். தாத்தா தோல் மண்டியில் வேலை பார்த்தார், மில்லில் வேலை பார்த்தார் என்று சொல்ல முடிகிறதே தவிர, அதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடைப்பதில்லை. குடிசை எரிந்தபோதும் 2005 ஜூலை வெள்ளத்திலும் போனவை போக, வீடு மாறும்போது தூக்கி எறியப்பட்டவையும் உண்டு.

ஆனால் நம் பள்ளியின் பழைய ஜெனரல் ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. மாணவரின் பெயர், தந்தையின் பெயர், பிறந்த ஊர், சாதி, பள்ளியில் சேர்ந்த நாள், விலகிய நாள் என ஒரே வரிசையில், அன்றைய ஆசிரியர்கள் மை தொட்டு எழுதிய பதிவுகள் அவை. ‘திருநெல்வேலி ஜில்லா’ என்று பிறந்த ஊரைக் குறித்து, சேர்ந்த நாளை 1950களிலோ 1960களின் தொடக்கத்திலோ காட்டும் ஒரே ஒரு வரி, இன்று இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு பேரக்குழந்தையின் கல்லூரிச் சேர்க்கையைத் தீர்மானிக்கக்கூடியது. சென்ற மழைக்காலத்தில் அலுவலக அறைக்குள் தண்ணீர் புகுந்து, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பதிவேடுகள் நனைந்தபோது உறுப்பினர் பள்ளிக்கு வந்திருந்தார். நனைந்த ஏடுகளை மேசைமேல் விரித்து விசிறியின் கீழ் உலர்த்திக்கொண்டிருந்தோம். அவர் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, இவற்றுக்கு நகல் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அன்று மாலையே கல்வி அதிகாரிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கடிதம் எழுதினார். பதில் வராதபோது மீண்டும் எழுதினார். இன்று பெரும்பாலான பதிவேடுகள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டுவிட்டன. தாள் நொறுங்கும் நிலையில் உள்ள மிகப் பழைய சில பதிவேடுகள் மட்டும் எஞ்சியுள்ளன. அவற்றைக் கையாளத் தெரிந்தவர்களை அனுப்பும்படி கேட்டிருக்கிறோம்.

அதன் தொடர்ச்சியாகத்தான் நம் பள்ளியில் ஆவண முகாம் நடைபெற்றது. சான்றிதழ் விண்ணப்பங்களைப் பெறும் சேது அலுவலகத்துக்குச் சென்று வரிசையில் நின்று, ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, ஒரு நாள் கூலியை இழந்து பழகிய பெற்றோர்களுக்கு, வருவாய்த் துறை ஊழியர்கள் நம் வகுப்பறையிலேயே அமர்ந்து விண்ணப்பங்களைச் சரிபார்த்தது பெரிய உதவி. எல்லோருக்கும் அன்று சான்றிதழ் கிடைத்துவிடவில்லை. எந்த ஆவணம் குறைகிறது, அது எங்கே கிடைக்கும் என்பது எழுத்தில் கிடைத்தது. பட்டியலினப் பட்டியலை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு. சட்டமன்ற உறுப்பினரால் அதில் கைவைக்க முடியாது. ஆனால் இருக்கும் விதியை அலுவலர்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்களா, பள்ளிப் பதிவேட்டின் சான்றிட்ட நகலைக் காரணமின்றி மறுக்கிறார்களா என்று சட்டமன்றத்தில் கேள்வி எழுப்புவது அவருடைய உரிமையும் கடமையும் ஆகும். இதைத்தான் நாம் ஞாயிற்றுக்கிழமை அவரிடம் முதன்மையாக வலியுறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

சட்டமன்ற உறுப்பினரின் தலையாய பணி நடைபெறும் இடம் சட்டமன்றமே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். மகாராஷ்டிரச் சட்டப்பேரவையின் 288 உறுப்பினர்களில் 36 பேர் மும்பையிலிருந்து செல்கிறார்கள். நிதிநிலைக் கூட்டத்தொடரும் மழைக்காலக் கூட்டத்தொடரும் இங்கேயும், குளிர்காலக் கூட்டத்தொடர் நாகபுரியிலும் கூடுவது வழக்கம். அங்கே எழுப்பப்படும் ஒரு கேள்விக்கோ, ‘லக்‌ஷவேதி’ எனப்படும் கவன ஈர்ப்புக்கோ அமைச்சர் அவையில் பதில் சொல்லியாக வேண்டும். அப்பதில் அச்சில் ஏறி நிலைத்துவிடும். எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கிய சட்டத்தை 2020இல் நிறைவேற்றியது இந்தச் சட்டமன்றம்தான். உங்கள் பிள்ளைகளின் கால அட்டவணை வரை அது வந்து சேர்ந்திருக்கிறது. கல்யாண வீட்டுக்கு வந்தாரா, கோயில் கொடைக்கு வந்தாரா என்று உறுப்பினரைப் பற்றிப் பேசும் நாம், அவையில் என்ன கேட்டார் என்று விசாரிப்பது அரிது. இம்முறை அதையும் கேளுங்கள்.

எதை யாரிடம் கேட்பது என்ற குழப்பம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அதற்கு நாம் மட்டும் பொறுப்பல்ல. 2022 மார்ச்சில் மும்பை மாநகராட்சியின் பதவிக்காலம் முடிந்த பிறகு, ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடைபெறாமல் ஆணையரே நிர்வாகியாக இருந்தார். நகர்சேவக் எனப்படும் மாநகராட்சி உறுப்பினர் இல்லாத அக்காலத்தில், குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது முதல் குப்பை அள்ளவில்லை என்பது வரை எல்லாமே ஆம்தார் அலுவலகத்துக்குப் போய்ப் பழகிவிட்டன. தண்ணீர், சாக்கடை, குப்பை, நம் பள்ளியின் ஆசிரியர் நியமனம் ஆகியவை மாநகராட்சியைச் சேர்ந்தவை. ரேஷன், வருவாய்த் துறைச் சான்றிதழ்கள், காவல் நிலையம், குடிசை மறுசீரமைப்பு ஆகியவை மாநில அரசைச் சேர்ந்தவை; இவற்றைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்பதே முறை. ஆதார் மத்திய அரசைச் சேர்ந்ததாயினும், வாடகை வீட்டில் இருந்துகொண்டு முகவரிச் சான்று இல்லாமல் தவிப்பவர்களுக்கு, ஆதார் ஆணையத்தின் படிவத்தில் புகைப்படத்தின் மீது கையொப்பமும் முத்திரையும் இட்டுச் சான்றளிக்கச் சட்டமன்ற உறுப்பினருக்கு அதிகாரம் உண்டு. அச்சான்று மூன்று மாதங்களுக்கே செல்லும் என்பதால், வாங்கிய கையோடு பயன்படுத்திவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கோரிக்கையை எழுத்தில் கொண்டுவாருங்கள். கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வது அத்துடன் காற்றில் போய்விடும். எழுதிக் கொடுத்த மனுவுக்குத்தான் பதில் கேட்க முடியும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் இருக்கட்டும். மராத்தியில் எழுத இயலாதவர்கள் கவலைப்பட வேண்டாம். சனிக்கிழமை பள்ளி முடிந்ததும் நம் மராத்தி ஆசிரியையும் எட்டாம் வகுப்பு மாணவர்களும் நூலக அறையில் இருப்பார்கள். நீங்கள் தமிழில் சொன்னால் போதும். எட்டாம் வகுப்பு மாணவர்களை இப்பணியில் சேர்த்தது என் முடிவு. தம் வீட்டுக்கும் தெருவுக்கும் உள்ள குறைகளைத் தெளிவான வாக்கியங்களில் எழுதக் கற்பது அவர்களுடைய படிப்பின் பகுதியே என்று நான் கருதுகிறேன். ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டு நகல்கள் எடுத்து, உறுப்பினரின் செயலாளரிடம் ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகத் தேதியுடன் இன்வர்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சில செய்திகளைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்சிக் கொடி, துண்டு, பேனர் எதற்கும் பள்ளி வளாகத்தில் இடமில்லை. மாலையும் பொன்னாடையும் வேண்டாம். உறுப்பினரும் அவற்றை விரும்பவில்லை என்று தெரிவித்துள்ளார். குழந்தைகளை வாசலில் வரிசையாக நிறுத்தி வரவேற்கும் வழக்கத்தை நம் பள்ளியில் முன்பே நிறுத்திவிட்டோம், இப்போதும் அப்படியே. உங்களில் அவருக்கு வாக்களித்தவர்களும் இருப்பார்கள், அளிக்காதவர்களும் இருப்பார்கள். மும்பையில் வாக்கே இல்லாமல் ஊரில் வாக்கு வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். நம் பள்ளியில் பிள்ளை படிக்கும் எவருக்கும் இம்மண்டபத்தில் கேள்வி கேட்க உரிமை உண்டு. யாரையும் யாரும் தடுக்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவின் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்களாகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதே மதிப்போடு இச்சந்திப்பிலும் தாய்மார்கள் முன்வரிசையில் அமர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசியவர்கள் பின்வரிசையில் தயங்கி நிற்பதை நான் விரும்பவில்லை.

பழைய ரெஜிஸ்டரில் தம் குடும்பத்தாரின் பெயரைத் தேட விரும்புவோர், தாத்தாவோ பாட்டியோ தந்தையோ ஏறத்தாழ எந்த ஆண்டு இங்கே படித்தார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்து வாருங்கள். ஊரில் பெரியவர்கள் இருந்தால் தொலைபேசியில் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். வீட்டில் பழைய ரேஷன் கார்டு, வாடகை ரசீது, மில் அடையாள அட்டை எதுவாயினும், கிழிந்திருந்தாலும், பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம், சரிபார்க்கும்போது அது இடையூறாகும்.

இரவுப் பணிக்குச் செல்வோர், ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிக் கடையை விட்டு வர இயலாதோர் தங்கள் மனுவை வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பலாம். வகுப்பாசிரியர் அதைப் பெற்று, என்னிடம் ஒப்படைத்து, முத்திரையிட்ட நகலைத் திங்கட்கிழமை பிள்ளையின் கையிலேயே திருப்பி அனுப்புவார்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்
தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளி, மும்பை