ரெக்கார்டிங் இருந்தா டீச்சர் எதுக்குன்னு கேக்கறாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்லைன் ஸ்கூல் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன், நல்ல வாத்தியார் ஒருத்தர் ஒரு தடவ பாடம் எடுத்து ரெக்கார்ட் பண்ணிட்டா போதும், லட்சம் பசங்க பாத்துக்கலாம், கட்டடமே வேணாங்கற மாதிரி எழுதியிருந்தாங்க. நான் சின்ன வகுப்புக்கு கணக்கு சொல்லித்தர்ற டீச்சர், கொரோனா சமயத்துல லேப்டாப் முன்னாடி உக்காந்து தொண்ட வறள கத்துன ஆளு, அதனால இத எழுதறேன்.

ரெக்கார்டிங் நல்ல விஷயம்தான், இல்லன்னு சொல்லல. புரியலன்னா நிறுத்தி திருப்பி பாக்கலாம், "இது கூடவா தெரியல"ன்னு பக்கத்துல யாரும் சிரிக்க மாட்டாங்க. கிளாஸ்ல வாயே திறக்காத ஒரு பொண்ணு சாட்ல எனக்கு மட்டும் தனியா மெசேஜ் போட்டு கேள்வி கேட்டா, அவளுக்கு இவ்ளோ சந்தேகம் இருந்துச்சுன்னு அப்பதான் தெரிஞ்சுது. உடம்பு முடியாம மாசக்கணக்கா வீட்டுல இருக்கற பிள்ளைங்களுக்கு இதவிட்டா வேற வழியே கிடையாது. தூரத்துலேர்ந்து சொல்லித்தர்றது ஒண்ணும் புதுசும் இல்ல, ஆஸ்திரேலியாவுல 1951லயே ரேடியோ வழியா ஸ்கூல் நடத்தினாங்க, அக்கம்பக்கத்துல வீடே இல்லாத பண்ணைகள்ல வளந்த பசங்களுக்கு. ஆனா அங்கயும் பிள்ளை பக்கத்துல அம்மாவோ வேற யாரோ உக்காந்து நோட்ட பாத்துக்கிட்டாங்க, அத மட்டும் யாரும் சொல்றதில்ல.

நோட்டுதான் விஷயமே. 503லேர்ந்து 267ஐ கழிக்க சொல்றேன்னு வைங்க. நடுவுல பூஜ்யம் இருக்கறதால பையன் நேரா 5கிட்டயே கடன் வாங்கி 4ன்னு அடிச்சு எழுதிட்டு, 13ல 7 போனா 6ன்னு சரியா போட்டுடுவான், அப்புறம் 0ல 6 போகாதேன்னு திருப்பி 6ல 0 போனா 6ன்னு போட்டு 266ன்னு விடை கொண்டு வருவான். பெஞ்சுக்கு நடுவுல நடந்து போறப்போ அந்த 5 மேல கோடு இருக்கு, பூஜ்யம் மேல ஒண்ணுமே இல்லன்னு பாத்தாலே தப்பு எங்கன்னு புரிஞ்சுடும், குனிஞ்சு விரல் வச்சு காட்டினா முடிஞ்சுது. ஆன்லைன்ல அதே நோட்டு ராத்திரி போட்டோவா வரும், தலகீழா, பாதி பக்கம் கை நிழல். அதுக்குள்ள பக்கம் பூரா அதே தப்ப போட்டு பழகியிருப்பான். எல்லாமே சரியா இருந்தா இன்னும் கஷ்டம், போட்டது அவனா அக்காவான்னு நமக்கு எப்படி தெரியும்?

"புரிஞ்சுதா"ன்னு கேட்டா சாட்ல வரிசையா "எஸ் மிஸ்", கேமரா எல்லாம் ஆஃப். கிளாஸா இருந்தா மூஞ்சிய பாத்தே கண்டுபிடிச்சுடலாம்.

நெட் வசதி இருந்தா சரியாயிடும்னு கட்டுரைல இருக்கு. 2020 கடைசில யுனிசெஃப் சொன்ன கணக்குப்படி உலகம் பூரா 3லேர்ந்து 17 வயசுக்குள்ள இருந்த பிள்ளைங்கள்ல மூணுல ரெண்டு பேருக்கு, அதாவது 130 கோடி பேருக்கு, அப்போ வீட்டுல நெட்டே இல்ல. சரி, இருக்கற இடத்தையே பாப்போம். நெதர்லாந்துல கிட்டத்தட்ட எல்லா வீட்டுலயும் பிராட்பேண்ட் உண்டு, அங்க 2020ல 8 வாரம் ஸ்கூல மூடி வீட்டுலேர்ந்து படிக்க வச்சு பின்னாடி டெஸ்ட் வச்சு பாத்தா, பசங்க புதுசா கத்துக்கிட்டது ஒண்ணுமே இல்லங்கற அளவுலதான் இருந்துச்சு, அதுலயும் பெத்தவங்க அதிகம் படிக்காத வீட்டு பிள்ளைங்கதான் கூடுதலா பின்தங்குனாங்க.

பெரிய வகுப்பு, காலேஜ் பசங்க கத வேற, அவங்களுக்கு எங்க புரியலன்னு அவங்களுக்கே தெரியும். (அவங்களுமே சேர்ற இலவச ஆன்லைன் கோர்ஸ பெரும்பாலானவங்க முடிக்கறதில்ல, அது தனி கத.) மூணாவது படிக்கற குழந்தைக்கு தான் தப்பா போடறோம்னே தெரியாதே.

அதனால ஸ்கூல் நடத்தறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். லீவு விட்டா சின்ன பிள்ளைங்கள முழு டைம்டேபிளுக்கும் ஸ்க்ரீன் முன்னாடி உக்கார வைக்காதீங்க, ஒரு சின்ன வீடியோ அனுப்பினா போதும், முடிஞ்சப்போ பாக்கட்டும். கணக்க மறுநாள் வகுப்புல என் கண்ணு முன்னாடி போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்