எங்கள் கதைகளைக் கேட்கும் கலைக்கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

கலைக்கூட இயக்குநர்களுக்கும், காட்சிகளைத் தொகுத்து அமைக்கும் க்யூரேட்டர்களுக்கும்,

வணக்கம். பார்வையாளர்களைத் தங்கள் கதையை எழுதி மாட்டச் சொல்லும் பெண்ணியக் கலைக்காட்சிகள் இப்போது நிறையவே நடக்கின்றன. நல்லதுதான். அப்படிப்பட்ட காட்சிகளில் தன்னார்வலராக நின்று, வருபவர்களுக்குச் சீட்டும் பேனாவும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். காட்சி முடிந்ததும் அந்தச் சீட்டுகள் எங்கே போகின்றன?

1978இல் மெக்சிகோ நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மெக்சிகோக் கலைஞர் மோனிகா மயேர் ஒரு கொடி கட்டினார். துணி காயப்போடும் கொடியேதான். பெண்ணாக இந்த நகரத்தில் உங்களுக்கு மிகவும் பிடிக்காதது எது என்று பல தரப்புப் பெண்களிடம் கேட்டு, இளஞ்சிவப்புச் சீட்டுகளில் பதில் எழுதி வாங்கி, க்ளிப் போட்டு மாட்டினார். தெருவிலும் பேருந்திலும் நடக்கும் சீண்டல்தான் பதில்களில் திரும்பத் திரும்ப வந்தது. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பாருங்கள். அது நகரத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. எழுதுபவர் விரும்பினால் தெருவிளக்கு இல்லை என்று மட்டும் எழுதிவிட்டுப் போகலாம், விரும்பினால் அதற்கு மேலும் சொல்லலாம். இன்று நான் பார்க்கும் சுவர்களில் ‘உங்களைக் காயப்படுத்தியது எது?’ என்று கேள்வி மொட்டையாக நிற்கிறது. நகரம் தப்பித்துவிடுகிறது, பெண் மட்டும் மாட்டிக்கொள்கிறாள்.

ஒரு காட்சியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் சீட்டை வாங்கி முதலில் ஏதோ வேடிக்கையாக இரண்டு வரி எழுதினார். அடித்தார். அப்புறம் சீட்டைப் பின்பக்கம் திருப்பி, நெருக்கி நெருக்கி ஓரம் வரைக்கும் எழுதினார். பேனாவை மேசைக் காலோடு நூலால் கட்டியிருந்தார்கள். நூல் எட்டாததால் குனிந்துகொண்டே எழுத வேண்டியிருந்தது. முடித்ததும் நாலாக மடித்து, எழுத்து துளியும் தெரியாதபடி க்ளிப்பை இறுக்கினார். “இதை யாராவது பிரிப்பாங்களா?” என்று என்னிடம் கேட்டார். அங்கிருந்த யாருக்கும் அதற்குப் பதில் சொல்லித் தரப்படவில்லை.

பிரித்தார்கள். சில நாளில் காட்சியின் விளம்பரப் படத்தில் சீட்டுகள் வரிசையாக, கையெழுத்து பளிச்சென்று தெரிய, வந்துவிட்டன. பெயர் போடவில்லையே என்றார்கள். சரி, பெயர் இல்லை. ஆனால் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடக் கூடியவர்கள் யார்? கணவன், அண்ணன், மேலதிகாரி. பெரும்பாலும் அந்தக் கதைகளில் வருகிறவர்களும் அவர்கள்தான்.

இதைக் கவனமாகச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ 2013இல் இத்தாலியின் வெனிஸில் ‘அரைசிங்’ (Arising) என்ற படைப்பைக் காட்டியபோது, பெண் என்பதால் தங்களுக்கு நேர்ந்த தீங்கை எழுதி அனுப்பும்படி எல்லா நாட்டுப் பெண்களையும் அழைத்தார். முதற்பெயர் மட்டும் போதும், படம் என்றால் கண்கள் மட்டும். எவ்வளவு வெளியே தெரியும் என்பது எழுத உட்காருவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

அமெரிக்கக் கலைஞர் சூசன் லேசி 2015இல் தென்னமெரிக்க நாடான ஈக்வடாரின் கீட்டோ நகரில் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். வன்முறையைப் பற்றிப் பெண்கள் எழுதிய கடிதங்களை ஒரு காளைச் சண்டை அரங்கில் ஆண்கள் உரக்கப் படித்தார்கள். அதற்கு முன் அந்த ஆண்களைப் பட்டறைகளில் உட்கார வைத்துத் தயார் செய்திருந்தார்கள். எழுதுபவர்களுக்கு நாம் சீட்டு கொடுக்கிறோம், படிப்பவர்களுக்கு என்ன கொடுக்கிறோம்? ஒரு செல்ஃபி மூலை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

இன்னொன்றுக்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். மெக்சிகோவில் மாணவிகள் அதே கொடியைப் பல்கலைக்கழகங்களுக்கு எடுத்துப்போய், தங்களைச் சீண்டியவர்களின் பெயர்களையே எழுதி மாட்டியிருக்கிறார்கள். உங்கள் சுவரிலும் ஒருநாள் ஒரு பெயர் வரும். சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் யாரோ ஒருவர் அதைச் சத்தமில்லாமல் கழற்றிவிடுவது ஒரு பதில் ஆகாது. வைத்திருப்பீர்களா, எடுப்பீர்களா, எழுதியவர் சட்ட உதவி கேட்டால் யாரிடம் அனுப்புவீர்கள் என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

இத்தனை விதி போட்டால் யார் எழுதுவார்கள், தன்னெழுச்சியே போய்விடுமே என்று ஒரு க்யூரேட்டர் என்னிடம் சொன்னார். குறைவாக எழுதட்டுமே. பாதிக் கொடி காலியாக இருந்தால் கலைக்கு என்ன குறைந்துவிடும்? இவ்வளவு சீட்டு வந்தது என்று அறிக்கையில் காட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்குத்தான் இருக்கிறது, எழுதுபவர்களுக்கு இல்லை.

ஆகவே மேசைக்குப் பக்கத்தில், பேனாவைத் தொடும் முன் கண்ணில் படுகிற இடத்தில், ஓர் அறிவிப்பு வையுங்கள். சீட்டை யார் படிப்பார்கள், படம் எடுப்பார்களா, காட்சி முடிந்தபின் பாதுகாப்பார்களா அழிப்பார்களா, மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்வது எப்படி, எல்லாம் அதில் இருக்கட்டும். புத்தகமாகப் போடும் எண்ணம் இருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அறைக்குள் மனநலப் பயிற்சி பெற்ற ஒருவர் சம்பளத்தோடு இருக்க வேண்டும். எழுதி முடித்து உடைந்துபோகிறவரைத் தேற்றும் வேலையை எங்களைப் போன்ற தன்னார்வலர்கள் தலையில் கட்டாதீர்கள், எங்களுக்கு அது தெரியாது. விளக்குக்கும் ஒலிக்கும் செலவுக் கணக்கு எழுதும் அதே தாளில் இதற்கும் ஒரு வரி போடலாம்.

அறிவிப்பின் வாசகத்தை எழுதித் தரச் சொன்னால் எழுதித் தருகிறேன். அடுத்த காட்சிக்கு நிற்க ஆள் தேவைப்பட்டாலும் வருகிறேன், அந்த அறிவிப்பு அங்கே இருந்தால்.

இப்படிக்கு,
சீட்டு எடுத்துக் கொடுத்தவர்களில் ஒருத்தி