கள்ளிச்செடிக்கு ஏற்ற மண்: ஏழாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஏழாம் வகுப்பு மாணவர்கள் அறிவியல் செயல்திட்டமாக ஆளுக்கொரு கள்ளிச்செடி வளர்க்க உள்ளனர். செடியைப் பள்ளி வழங்கும். தொட்டியும் மண்ணும் வீட்டிலிருந்து வர வேண்டும். எந்த மண்ணை அனுப்புவது என்று பெற்றோர் பலர் கேட்டுவருவதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்ற செடிகளில் காய்ந்து பட்டுப்போனது எதையும் நான் பார்க்கவில்லை. பட்டவை எல்லாம் அழுகியவையே. அவற்றுள் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தபோது மேல்மண் விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்திருந்தது. அடியிலோ இரண்டு விரற்கடைக்குச் சேறும் புளித்த வாடையும் இருந்தன. பழுப்பேறிய வேரைத் தொட்டதும் தோல் உரிந்து உள்நரம்பு மட்டும் கையோடு வந்தது. மேலே காய்ந்திருக்கிறதே என்று அன்றாடம் ஒரு குவளை நீர் ஊற்றியதன் விளைவு இது.

கள்ளி நீரை மிகவும் சிக்கனமாகச் செலவிடும் செடி. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும்போது, கள்ளி தன் தண்டிலுள்ள துளைகளை இரவின் குளிர்ச்சியில் திறந்து, கரியமில வாயுவை உள்வாங்கி, அமிலமாகச் சேமித்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் அதிலிருந்து உணவு தயாரிக்கிறது. அத்தகைய செடிக்கு நாள்தோறும் ஊற்றும் நீர் மண்ணிலேயே தேங்கி, மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றை வெளியேற்றிவிடுகிறது. காற்றில்லாமல் வேர் மடிய, மடிந்த வேரில் பூஞ்சை பற்றி, அழுகல் தண்டுக்கு ஏறுகிறது. ஆகவே நீரை விரைவாக இறங்கவிடும் மண்ணே கள்ளிக்கு வேண்டும்.

செம்மண் ஒரு பங்கு, நன்கு மட்கிய இலைமட்கு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, பருமணல் இரண்டு பங்கு என்ற அளவில் கலந்து அனுப்புங்கள். ஆற்றுமணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் போதும். ஆனால் அதிலுள்ள மாவுபோன்ற தூசி மண்ணின் இடுக்குகளை அடைத்துவிடும் என்பதால், வாளியில் கொட்டிக் கலக்கி, நீர் தெளியும்வரை கலங்கலை வடித்துவிட வேண்டும். பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் துண்டுகளையும் மணலோடு சேர்க்கலாம். கடற்கரை மணலில் உப்பு இருப்பதாலும் கரிசல் மண் நீரை நெடுநாள் பிடித்துவைப்பதாலும் அவை இரண்டும் வேண்டாம். நாற்றுப்பண்ணைகளில் எல்லாச் செடிக்கும் பரிந்துரைக்கும் தென்னைநார்க் கழிவும் இங்கு ஏற்றதன்று. அது தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும். பசுஞ்சாணத்தைக் கட்டாயம் தவிர்க்கவும். கலவையைச் சற்று நனைத்துக் கைக்குள் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் அது உதிர வேண்டும். கொழுக்கட்டைபோல் நின்றால் இன்னும் மணல் சேர்க்க வேண்டும்.

தொட்டியின் அடியில் ஜல்லியைப் பரப்பி அதன்மேல் சாதாரண மண்ணை இடும் வழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. அதனால் பயனில்லை. நுண்மண்ணிலுள்ள நீர், மண் முழுதும் நனைந்து நிறையும்வரை கீழே உள்ள ஜல்லிக்குள் இறங்காது. ஈரம் வேரருகிலேயே நிற்கும். ஜல்லியும் மணலும் கலவை முழுவதிலும் இருந்தால்தான் வடியும். ஓட்டை உள்ள, நான்கு அங்குல மண்தொட்டி போதுமானது. பெரிய தொட்டியில் செடி விரைவாக வளரும் என்று எண்ண வேண்டாம்; வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும்.

நடும்போது வேர் காயப்படும் என்பதால் முதல் வாரம் நீர் ஊற்றக் கூடாது. அதன்பின் ஓர் ஈர்க்குச்சியை அடிவரை செருகி எடுத்து, மண் ஒட்டாமல் வந்தால் மட்டும், அடித்துளை வழியே வெளியேறும் அளவுக்கு ஊற்றலாம். தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் மண்மேல் வெண்ணிற உப்புப் படிவை உண்டாக்கும். மழைநீர் கிடைத்தால் அதையே பயன்படுத்தலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் தொட்டியை வெளிச்சமுள்ள தாழ்வாரத்துக்கு மாற்றுவது அவசியம்.

மற்ற மாதங்களில் நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மணி நேர வெயில் நல்லது. பச்சை வலைக்கடியில் வளர்ந்த செடியை எடுத்தவுடன் மொட்டைமாடியில் வைத்தால் வெந்து வெளிறும். அந்தத் தழும்பு ஆறாது. காலை வெயிலில் தொடங்கி இரண்டு வாரத்தில் பழக்குங்கள்.

வேலியோரத் திருகுகள்ளி, சதுரக்கள்ளி ஆகியவற்றை ஒடித்துக் கொடுத்தனுப்ப வேண்டாம். அவை வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பால் கண்ணில் பட்டால் கடும் தீங்கு விளையும். சப்பாத்திக்கள்ளி உண்மையான கள்ளிக் குடும்பம்தான் எனினும், அதன் பொடிமுட்கள் தோலில் நுழைந்தால் எடுப்பது கடினம் என்பதால் அதையும் தவிர்க்கிறோம்.

தொட்டியையும் கலந்த மண்ணையும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்கவும். நீர் ஊற்றிய நாளை மாணவரே குறிப்பேட்டில் எழுதுவார். செடி வாடியதுபோல் தோன்றினாலும் பெரியவர்கள் இடையில் நீர் ஊற்ற வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்