படுவான்கரைக்கு லினக்ஸ் கொண்டுவரும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரைப் பாடசாலைகளின் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத்தர வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோசம். மென்பொருளை எந்த வழியால் நிறுவப்போகிறீர்கள் என்பதில்தான் எனக்கொரு கவலை.

எங்கள் அறையில் 12 கணினிகள். எல்லாவற்றுக்கும் ஒரே டொங்கிள். அதையும் சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால்தான் சிக்னல் பிடிக்கும். போன தவணை ஒரு திங்கட்கிழமை, தரம் 10 பிள்ளைகள் எல்லாக் கணினிகளையும் ஒன்றாகப் போட்டார்கள். பன்னிரண்டும் தம்பாட்டில் புதுப்பிக்கத் தொடங்கின. பாடவேளை முடிய முன்னமே மாதத்து டேட்டா காலி. பிழை என்னுடையதுதான், அதை முதலே நிறுத்தி வைத்திருக்க வேண்டும். ஆனாலும் ஒரே கோப்பைப் பன்னிரண்டு தரம் இறக்கியதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

லினக்ஸில் மென்பொருள் நிறுவும் ஒரு வழியான ஸ்னாப், வழக்கமாக நாளுக்கு நான்கு தரம் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கும். தேவையான நூலகங்களை, அதாவது செயலி இயங்கத் துணையான கோப்புகளை, தானே சுமந்து வருவதால் பொதியும் பெரிது. உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் பதிப்பில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை ஆப்ட் என்ற வழமையான நிறுவல் கருவியில் கேட்டாலும் ஸ்னாப்தான் வந்து உட்காரும். அதில் நன்மை இல்லாமலில்லை: ஒரு செயலியின் நூலகம் மற்றதோடு முட்டாது. நல்ல இணையம் உள்ள வீடென்றால் நான் வாயே திறக்கமாட்டேன்.

எங்களுக்கு டெபியன் என்ற மற்றொரு லினக்ஸ் வகையும் ஆப்டும் போதும். அதில் ஃபயர்ஃபாக்ஸின் ஈ.எஸ்.ஆர். என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு, ஆப்ட் நிறுவும் டெப் பொதியாகவே இருக்கிறது. ஒரு கணினியில், இறங்கிய பொதிகளைச் சேமித்து மற்றக் கணினிகளுக்குக் கொடுக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டு, மற்றவற்றின் ஆப்ட் அமைப்பில் அதன் முகவரியையும் 3142 என்ற போர்ட் எண்ணையும் ஒரு வரியில் எழுதினால் சரி. ஒருதரம் இறங்கிய டெப் அங்கேயே தங்கும். மற்றவை அறைக்குள்ளேயே எடுத்துக்கொள்ளும். நான் பொதிகளைச் சேமிக்கும் அந்தக் கணினியின் சிபியுவை டவுனில் ஃபைபர் உள்ள உறவினர் வீட்டுக்கு ஓட்டோவில் கொண்டுபோய், வேண்டியதை இறக்கிக்கொண்டு மண்முனைப் பாலத்தால் திரும்புகிறேன். “பழுதா சேர்?” என்று ஓட்டோக்காரத் தம்பி ஒவ்வொரு தரமும் கேட்பார்.

புதிய பதிப்பு கட்டாயம் வேண்டிய செயலி ஏதும் இருந்தால் அதை மட்டும் ஸ்னாப் போன்ற இன்னொரு வழியான ஃப்ளாட்பேக்கில் போடுங்கள். அதற்கு வேண்டிய ரன்டைம் என்ற பொது நூலகத் தொகுதியும் சேர்ந்து இறங்கும், ஆகவே டவுனிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் ஒன்று. எதை நிறுவினீர்கள், எதை நிறுத்தினீர்கள் என்று தமிழில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள். கதவுப் பக்கம் வேண்டாம், மாரியில் அங்கேதான் ஒழுகும்.

இப்படிக்கு,
கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஐ.சி.ரி. ஆசிரியர்