ஆண்டறிக்கை 2024–25: பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் பங்கும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், திரளாக வந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் நிற்கும் நேரம் பார்த்து இந்தப் பொதுக்குழுவைக் கூட்டியிருக்கிறோம். அப்பாக்களும் வர வேண்டும் என்பதுதான் காரணம். நம் தெருக்களில் படகுக்குப் போகிறவர் கடலில் பல நாள் தங்கி வருகிறார். அவர் இல்லாத நாட்களில்தான் தேர்வு நடக்கிறது, மார்க் வருகிறது, பள்ளியில் கூட்டம் நடக்கிறது. இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 28-இல் தொடங்கி ஏப்ரல் 15-இல் முடிந்தது. மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் அதே ஏப்ரல் 15-இல்தான் ஆரம்பம். பிள்ளை கடைசிப் பரீட்சையை எழுதி முடித்த அன்றைக்குத்தான் அப்பா வீட்டில் இருக்கிறார். இதை மனதில் வைத்தே இந்த ஆண்டின் வேலைகளைத் திட்டமிட்டோம்.

முதலில் மாலைப் படிப்பு நேரம். சங்க மாடியில் தினமும் விளக்கு போட்டு, மின்விசிறி போட்டு, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க இடம் கொடுத்தோம். டியூஷன் எடுக்கவில்லை. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவோம். தாய்மார்கள் முறை வைத்துக் காவலுக்கு உட்கார்ந்தார்கள். "நான் மூணாங்கிளாஸோட நின்னவ, எனக்கு என்ன தெரியும்?" என்று தயங்கியவர்களே அதிகம். அவர்களுக்கு நாங்கள் சொன்னது ஒன்றுதான்: பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டாம், சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அது எப்படி வேலை செய்தது என்பதை நான் நேரில் பார்த்தேன். பூக்கட்டும் அக்கா ஒருவர் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் அறிவியலில் பாய்மங்கள் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். மிதப்பு விசைக்கான வரையறையை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். அக்கா கை நிறுத்தாமல், "சரிம்மா, சின்ன ஆணி தண்ணில முழுகிடுது. அவ்ளோ பெரிய இரும்புப் படகு எப்படி மிதக்குது?" என்று கேட்டார். பெண்ணுக்குப் பதில் வரவில்லை. புத்தகத்தைத் திருப்பினாள், இன்னொரு பையனிடம் கேட்டாள், நோட்டில் படகு வரைந்தாள். படகுக்குள்ளே காலி இடம் இருப்பதால் அது தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்குகிறது, அதனால் மிதக்கிறது என்று அக்காவுக்கே விளக்கிவிட்டுத்தான் எழுந்தாள். அக்கா எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கமாட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குப் படிப்பு தேவைப்படவில்லை. பதிலைத் தேடிய உழைப்பு முழுக்க அந்தப் பெண்ணுடையது.

பெற்றோரின் அக்கறையும் பிள்ளையின் உழைப்பும் இப்படித்தான் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளைக்குப் பதிலாக நாம் புராஜெக்ட் வெட்டி ஒட்டிக் கொடுப்பதும் உதவி ஆகாது, பணம் கட்டி டியூஷனில் விட்டுவிட்டு மார்க் வந்த அன்றைக்கு மட்டும் அதட்டுவதும் ஆகாது.

பெற்றோர் கூட்டத்தில் பேசிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். 1998-இல் அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இருவர் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நல்லா முயற்சி பண்ணியிருக்கே" என்றும் பாராட்டினார்கள். அடுத்து கஷ்டமான புதிர்கள் கொடுத்துத் திணற விட்டபோது, புத்திசாலி என்று பேர் வாங்கியவர்கள் சீக்கிரம் துவண்டார்கள். முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்கள் விடாமல் போட்டுப் பார்த்தார்கள்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். படகு கரையை நெருங்கி சிக்னல் கிடைத்ததும் வீட்டுக்குப் போன் போட்டு "மார்க் எவ்ளோ?" என்று கேட்கும் அண்ணன் ஒருவர், "இன்னிக்கு எந்தக் கணக்கு வரல?" என்று கேட்க ஆரம்பித்தார். வராத கணக்கைப் பையன் குறித்து வைக்கப் பழகினான். மறுநாள் அதை ஆசிரியரிடம் கேட்டுவிடுவான், அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே! காலாண்டில் கணக்கில் தவறியவன் பொதுத்தேர்வில் தேறிவிட்டான்.

மே 16-இல் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். தவறியவர்கள் ஜூலை துணைத்தேர்வுக்குப் படிக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்த மாதம் பிள்ளையை வேலைக்கு அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசவும் வேண்டாம். தினமும் மாடிக்கு அனுப்பி வையுங்கள், பழைய வினாத்தாள்கள் எடுத்து வைத்திருக்கிறோம்.

பள்ளி மேலாண்மைக் குழு 2024 ஆகஸ்டில் மறுகட்டமைப்பு செய்யப்பட்டது. கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினரில் பாதி பெண்கள். நம் உறுப்பினர்களும் தேர்வானார்கள். கழிப்பறைத் தண்ணீர்ப் பிரச்சினையைக் குழுவில் பேசி, எழுத்தில் கொடுத்து, சரிசெய்ய வைத்தவர்கள் இவர்கள்தான். பெண்பிள்ளைகள் மதியத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவது அதற்குப் பின் குறைந்தது. பள்ளிக் கூட்டம் என்றால் திட்டு வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்ற பயம் நம்மிடம் இருக்கிறது. சட்டம் நமக்கு அங்கே நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. போய் உட்காருங்கள்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையால் மாடிப் படிப்பு சில நாள் நின்றது. நனைந்துபோன நோட்டுகளுக்குப் பதில் புது நோட்டு வாங்கிக் கொடுத்தவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

எட்டாம் வகுப்புப் பெற்றோர் கவனிக்க: என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்தில் 48,000 ரூபாய் கிடைக்கும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பயிற்சி எடுத்துப் படிப்பது பிள்ளை வேலை. வருமானச் சான்று வாங்குவதும், பிள்ளை பேரில் வங்கிக் கணக்கு தொடங்குவதும் நம் வேலை. கடைசி நேரத்தில் இ-சேவை மையத்தில் அலையாமல், அப்பாக்கள் கரையில் இருக்கும் இந்த நாட்களிலேயே முடித்துவிடுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் மாலையில் மாடிக்கு வந்தால் கல்லூரிப் பிள்ளைகள் உதவுவார்கள்.

வரும் ஆண்டுக்கு மாடியில் இன்னும் இரண்டு மின்விசிறி தேவை. காவல் முறைப் பட்டியலில் இதுவரை தாய்மார் பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. கரையில் இருக்கும் நாட்களில் உட்கார முன்வரும் அப்பாக்கள் இன்றே பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நோட்டு மேசை மேல் இருக்கிறது. அடுத்துப் பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்